யூதாசு என்ற ஒரு கூச்சல்

1966-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஃப்ரீ டிரேட் ஹால் என்னும் மண்டபத்தில் ஓர் இசை நிகழ்ச்சி முடியும் தறுவாயில் இருந்தது. மேடையில் நின்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு 25 வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. கடைசிப் பாட்டைத் தொடங்குமுன் கருவிகளைச் சரிசெய்துகொண்டிருந்த சிறு இடைவெளியில், இருண்ட இருக்கைகளின் நடுவிலிருந்து ஓர் ஆண்குரல் எழுந்தது. அக்குரல் சொன்னது ஒரே ஒரு சொல்: 'யூதாசு!' சிலர் சிரித்தனர், சிலர் கைதட்டினர். பாடகர் சற்றே தயங்கி, அச்சொல்லைத் தாம் நம்பவில்லை என்றும், அதைச் சொன்னவன் பொய்யன் என்றும் மறுமொழி கூறினார். பின்னர்த் தம் குழுவினரை நோக்கி உரக்க வாசிக்குமாறு, அவையில் சொல்லத்தகாத ஓர் அடைமொழியுடன் ஆணையிட்டார். பாட்டு இடியென எழுந்தது.

மேலைநாட்டு இசை வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட கூச்சல் இதுவேயாகலாம். ஆயினும் நாம் இதனை எடுத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. எறியப்பட்ட அந்தக் கல் நம்முடைய நற்செய்தி ஏடுகளிலிருந்து பெயர்க்கப்பட்ட கல். அச்சொல்லின் எடையை அறிந்தவர்கள் நாம். ஆகவே அது எறியப்பட்ட முறையை ஆராயும் கடமையும் நமக்கு உண்டு.

நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். பாட்டுக்கும் நாடகத்துக்கும் எழுதுகிறோம். அவைக்கு மதிப்புரை எழுதுவார் அரியர். வள்ளுவர் பேசுவோனுக்கு அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். கேட்போனை அவர் மறந்தாரல்லர். கேள்வி என ஓர் அதிகாரத்தையே வைத்தார். கேட்டலும் ஒரு கலை, அதற்கும் தேர்ச்சி வேண்டும், அதிலும் பிழை நேரும் என்பது இதனால் பெறப்படும். மான்செஸ்டர் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு நமக்குக் கிடைக்கிறது. கள்ளப் பதிவாக, இலண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுக்கப்பட்டது என்ற தவறான பெயருடன் பல ஆண்டுகள் கைமாறி வந்த அது, 1998-இல் முறைப்படி வெளியிடப்பட்டது. தவறு தெரிந்த பின்னும் பழைய பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டே வெளியிட்டனர். அப்பதிவை நாம் பாடகருக்காக அன்றி அவைக்காகக் கேட்டோம். கேட்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் அவையின் பக்கம் நின்று பார்ப்பதே நேர்மை. அன்று அமர்ந்திருந்தோர் கயவர் அல்லர். ஓர் எளிய கித்தாரும் வாய்க்கருவியும் ஏந்தி, போரையும் நிறவெறியையும் எதிர்த்துப் பாடிய இளைஞனை அவர்கள் நேசித்தார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அந்தப் பேரணியில் பாடிய குரல் அது. நாட்டார் பாடல் இயக்கத்தினர்க்கு மரக்கித்தார் நேர்மையின் அடையாளம். மின்கித்தார் வணிகத்தின் அடையாளம். இங்கிலாந்தில் அவ்வியக்கத்தின் தலைமகனாக விளங்கிய யூவன் மக்கால், தம் மன்றத்தில் பாடுவோர் தத்தம் மண்ணின் பாடல்களையே பாட வேண்டும் என்று விதித்தவர். இத்தகைய சூழலில் ஒரு கருவியை மாற்றுவது கொள்கையை மாற்றுவதாகவே தோன்றியது.

1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் டிலன் மின்கித்தாருடன் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு மூன்று பாடல்கள் பாடினார். கூட்டம் கூச்சலிட்டது. கூச்சலுக்குக் காரணம் கருவியா, கெட்டுப்போன ஒலியமைப்பா, நிகழ்ச்சியின் குறுமையா என்பது இன்றளவும் வழக்காக உள்ளது. பாடலின் சொற்கள் விளங்காமற் போனதே தம் சினத்துக்குக் காரணம் என்று முதுபெரும் பாடகர் பீட் சீகர் பிற்காலத்தில் விளக்கினார். 2024-இல் வெளிவந்த 'எ கம்ப்ளீட் அன்நோன்' என்னும் திரைப்படம் 'யூதாசு' கூச்சலை இந்த நியூபோர்ட்டில் எழுந்ததாகக் காட்டுகிறது; அது கதையின் வசதிக்காகச் செய்த இடமாற்றம். அச்சொல் பிறந்தது பத்து மாதங்களுக்குப் பின், கடலுக்கு அப்பால்.

1966-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் இரு பாதிகளாக அமைந்தது. முற்பாதியில் டிலன் தனியாக நின்று மரக்கித்தாருடன் ஏழு பாடல்கள் பாடினார். பிற்பாதியில் ஹாக்ஸ் என்னும் குழுவுடன் மின்கருவிகள் முழங்க எட்டுப் பாடல்கள் பாடினார். ஒரே மாலை, ஒரே பாடகர், ஒரே அவை. ஆனால் பதிவில் நாம் கேட்பது இரண்டு அவைகள்!

முற்பாதியில் அவையின் அமைதி வியக்கத்தக்கது. நீண்ட பாடல்கள், எளிதில் பொருள்படாத வரிகள். இருமலோசைகூட அரிதாகவே கேட்கிறது. பாட்டு முடிந்ததும் நிறைந்த கைதட்டல். உடனே மீண்டும் அமைதி. கேட்கத் தெரியாதவர்கள் இவர்கள் என்று எவரும் சொல்ல இயலாது. பிற்பாதியிலோ, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மெதுவான, ஒருசீரான கைதட்டல் எழுகிறது. மகிழ்ச்சியின் கைதட்டல் தாளம் தப்பிச் சிதறும். இக்கைதட்டலோ அணிவகுப்புப் போல ஒழுங்காக வருகிறது. பாடகர் அடுத்த பாட்டைத் தொடங்கவொட்டாமல் தடுப்பதே அதன் நோக்கம். அப்போது டிலன் ஒரு தந்திரம் செய்கிறார். ஒலிவாங்கியின் அருகே வந்து பொருளற்ற முணுமுணுப்பாக ஏதோ சொல்லத் தொடங்குகிறார். என்ன சொல்கிறார் என்று அறியும் ஆவலில் கைதட்டல் மெல்ல அடங்குகிறது. அடங்கியவுடன் ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாக வருகிறது: இவ்வளவு பலமாகத் தட்டாமல் இருந்தால் நன்று என்ற பொருளில். அவை தன்னை மறந்து சிரிக்கிறது. பகைமையின் நடுவே ஒரு கணம் அவர்கள் மீண்டும் ஒரே அவையாகிறார்கள். நம் செவிக்கு அம்மாலையின் மிக அழகிய கணம் அதுவே. ஆனால் அது நீடிக்கவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லைக் கூவியவர் தாமே என்று பிற்காலத்தில் இருவர் தனித்தனியே உரிமை கொண்டாடினர். அவருள் ஒருவர், அன்றைய ஒலியமைப்பு மிக மோசமாக இருந்ததும் தம் சினத்துக்குக் காரணம் என்றார். இதனை நாம் புறக்கணிக்கலாகாது. ஹாலே இசைக்குழுவின் இல்லமாக விளங்கிய அம்மண்டபம் ஒலிபெருக்கிகளின் பேரிரைச்சலுக்காகக் கட்டப்பட்டதன்று. அத்துணைப் பெரிய ஒலியை இருக்கைதோறும் தெளிவாகக் கொண்டுசேர்க்கும் கலை அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஒலிப்பொறியிலிருந்து நேராக எடுத்த தெளிவான பதிவை நாம் இன்று கேட்கிறோம். அங்கிருந்தோர் கேட்டது அதனையன்று. சொற்களுக்காக வந்தவர்களுக்குச் சொற்கள் கிட்டாமற் போயின. அவர்களது ஏமாற்றம் உண்மையானது.

ஆனால் ஏமாற்றம் ஒன்று, தீர்ப்பு வேறு. 'சொற்கள் கேட்கவில்லை' என்பது முறையீடு. 'இந்த இசை எனக்குப் பிடிக்கவில்லை' என்பது சுவை. 'இந்த இசை தாழ்ந்தது' என்பது திறனாய்வு. 'யூதாசு' என்பது இம்மூன்றில் எதுவும் அன்று. அது பாட்டை விட்டுப் பாடகனின் உள்ளத்துக்குள் நுழைகிறது. அங்கே முப்பது வெள்ளிக்காசு இருப்பதாகச் சான்று பகர்கிறது. கேட்போனுக்குத் தெரிந்தது ஒலி மட்டுமே. அவன் சொன்னதோ நோக்கத்தைப் பற்றி. தெரிந்ததற்கும் சொன்னதற்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தைத்தான் நாம் பண்பின்மை என்கிறோம். உரத்த குரல் அன்று குற்றம். அறியாததை அறிந்ததாகக் கூறுவதே குற்றம்.

அவையில் அமைதி காப்பதே பண்பு என்றும் நாம் சொல்ல வரவில்லை. 1778-இல் மோட்சார்ட் பாரிசு நகரில் தம் புதிய சிம்பொனியை அரங்கேற்றியபோது, முதற்பகுதியின் நடுவிலேயே கேட்போர் கைதட்டி ஆர்ப்பரித்தனர். இறுதிப் பகுதியை அவர் வேண்டுமென்றே மெல்லிய ஒலியில் தொடங்கினார். அவையினர் ஒருவரையொருவர் அமைதிப்படுத்திக்கொண்டு செவிசாய்த்தனர். பேரொலி எழுந்தவுடன் அவர்கள் கைகளும் எழுந்தன. இதையெல்லாம் அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் பூரிப்புடன் விவரிக்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் பனிக்கூழ் ஒன்று உண்டு, நேர்ந்துகொண்டபடி செபமாலை சொல்லி, வீடு திரும்பினாராம்! அந்த அவை இன்றைய வழக்கப்படி ஒழுங்கற்ற அவை. ஆயினும் அது கேட்ட அவை. அதன் ஒவ்வோர் ஒலியும் பாட்டுக்குள்ளிருந்து பிறந்தது.

இதற்கு நேர்மாறான அவையும் அதே நகரில் இருந்தது. 1861-இல் வாக்னரின் 'டான்ஹாய்சர்' இசைநாடகம் பாரிசில் அரங்கேறிற்று. ஜாக்கி கிளப் என்னும் செல்வர் மன்றத்தார் இரவுணவு முடித்துத் தாமதமாக வருபவர்கள். ஆகையால் நடனம் இரண்டாம் அங்கத்தில்தான் வரவேண்டும் என்பது அவர்தம் வழக்கம். வாக்னர் அதனை முதல் அங்கத்தில் வைத்துவிட்டார். அவர்கள் ஊதுகுழல்களைக் கொண்டுவந்து ஊதி நிகழ்ச்சியைக் குலைத்தனர். மூன்றே நிகழ்ச்சிகளுடன் வாக்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஊதுகுழலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுபவன் கேட்க வரவில்லை. கேட்குமுன்னரே முடிவு செய்துவிட்டான்.

மான்செஸ்டர் அவை இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? இரண்டையும் என்பதே நம் விடை. முற்பாதியில் பாரிசின் முதல் அவை. பிற்பாதியில் அதன் ஒரு பகுதி இரண்டாம் அவை. ஏனெனில், டிலன் மின்கருவிகளுடன் பாடுகிறார் என்பது அன்று யாருக்கும் புதிய செய்தியன்று. அவ்வகை இசைத்தட்டுகள் ஓராண்டுக்கு மேலாக விற்பனையில் இருந்தன. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' 1965-இலேயே இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. தெரிந்தே சீட்டு வாங்கினார்கள், தெரிந்தே வந்தார்கள். வந்தபின் துரோகம் கண்டதுபோல் துடித்தார்கள்.

இதன் வேர் எங்கே? வெறுப்பில் அன்று; அன்பில். அயலானை எவரும் யூதாசு என்று அழைப்பதில்லை. அப்பெயர் உடன் உண்டவனுக்கே உரியது. 'நீ எங்களவன், எங்கள் பந்தியில் இருந்தவன்' என்ற உரிமையே அக்கூச்சலுக்குள் இருக்கிறது. சுவைஞர்களின் அன்பு இப்படித்தான் திரிகிறது. முதலில் பாட்டை நேசிக்கிறோம். பின்னர்ப் பாடியவனை நேசிக்கிறோம். பின்னர் நம் நேசத்துக்கு அவன் கடன்பட்டிருக்கிறான் என்று எண்ணுகிறோம். இறுதியில் அக்கடனைத் தண்டக் கிளம்புகிறோம். கொடுத்தது சீட்டின் விலை. கேட்பது அவன் உயிரை. கலைஞன் நமக்குத் தந்த பழைய பாட்டு நம்முடையதுதான். அதை அவனே வந்தாலும் எடுத்துச்செல்ல முடியாது. ஆனால் அவன் இன்னும் பாடாத பாட்டு நம்முடையது அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே சுவைஞனின் பெரும்பிழை.

இப்பிழையின் விலையைச் செலுத்துபவரும் பெரும்பாலும் நாம் குறிவைத்தவர் அல்லர். ஹாக்ஸ் குழுவின் முரசிசைஞர் லெவன் ஹெல்ம். ஊர்தோறும் எழுந்த கூச்சலைத் தாங்கமாட்டாது 1965-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விலகினார். சிறிது காலம் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் தோண்டு மேடையில் கூலிவேலை செய்தார். மான்செஸ்டரில் முரசின் பின்னே அமர்ந்திருந்தவர் வேறொருவர். டிலனுக்குப் புகழ் ஒரு கவசம். முரசிசைஞருக்கு என்ன கவசம்? பின்னாளில் 'தி பேண்ட்' என்ற பெயரில் அதே குழு உலகப் புகழ் பெற்றபோது ஹெல்ம் மீண்டும் அவர்களுடன் இருந்தார் என்பது நல்லூழ். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த இசைத்தட்டும் சொல்லாது.

பாடகரும் குறையற்றவர் அல்லர். தம்மைப் பழித்தவனைப் பொய்யன் என்றார்; தம் குழுவினரிடம் இழிசொல் பேசினார். காயம் ஆறவுமில்லை. 2012-இல், 46 ஆண்டுகளுக்குப் பின், ஒரு நேர்காணலில் அவர் தாமாகவே அச்சொல்லை நினைவுகூர்ந்தார். மனித வரலாற்றிலேயே மிகவும் வெறுக்கப்பட்ட பெயரைத் தமக்குச் சூட்டினார்கள் என்றும், அதுவும் மின்கித்தார் வாசித்ததற்காக என்றும், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததற்கு அது ஈடாகுமா என்றும் கசப்புடன் கேட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து இலக்கியத்துக்கான நொபேல் பரிசு அவரைத் தேடி வந்தது. உலகம் தந்த பெருமைகள் அந்த ஒரு நொடியை அழித்தனவா என்பது ஐயமே. நாம் ஒருமுறை சொல்லி மறந்துவிடும் சொல், கேட்டவன் நெஞ்சில் அரை நூற்றாண்டு தங்கக்கூடும்.

கருத்து வேறுபாட்டைச் சொல்லவே கூடாதா என்று வாசகர் வினவலாம். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதற்கு நம் திருச்சபையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அதுவும் இதே பாடகரை முன்னிட்டு. 1997 செப்டம்பர் 27 அன்று இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில், நற்கருணை மாநாட்டையொட்டித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில் டிலன் பாடினார். திருத்தந்தை டிலனின் பெயர்பெற்ற பழைய பாடல் ஒன்றின் கேள்வியையே எடுத்துக்கொண்டு, காற்றைத் தூய ஆவியின் மூச்சாகவும் மனிதன் நடக்கவேண்டிய வழியைக் கிறிஸ்துவாகவும் விரித்து இளைஞர்களுக்கு உரையாற்றினார். அந்நிகழ்ச்சி தகுமா என்பதில் அப்போதைய கர்தினால் இராட்சிங்கருக்கு ஐயம் இருந்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன பின், 2007-இல் தம் முன்னவரைப் பற்றி வெளியிட்ட நூலில், தாம் அன்று ஐயுற்றதையும் ஓரளவு இன்னும் ஐயுறுவதையும் அவரே எழுதினார். ஒருவர் பாட்டைக் கேட்டு, அதன் கேள்விக்கு மறுமொழி தந்தார். மற்றவர் தம் ஐயத்தைத் தம் ஐயமாகவே, தம் பெயரிட்டு எழுதினார். இருவரும் மாறுபட்டனர், எவரும் எவரையும் துரோகி என்னவில்லை. முகம் தெரிய, பெயர் தெரிய, தனக்குத் தெரிந்த அளவே சொல்வது திறனாய்வு. இருளில் இருந்துகொண்டு, தெரியாததையும் சேர்த்துச் சொல்வது கூச்சல்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் விலக்கிக்கொள்ளலாகாது. எழுதுகோல் பிடித்தவனுக்கும் இந்த நோய் உண்டு. நாம் நேசித்த எழுத்தாளர் வேறு பாதையில் ஒரு நூல் எழுதினால், 'இவர் விலைபோய்விட்டார்' என்ற வரி எத்துணை எளிதாக வந்து விழுகிறது! நூலைப் படித்து அதன் குறையைக் காட்டுவதற்கு உழைப்பு வேண்டும். நூலாசிரியரின் உள்ளத்தைப் பழிப்பதற்கு எந்த உழைப்பும் வேண்டாம். அப்படிப்பட்ட வரிகளை நாமும் எழுதியிருக்கிறோம். மான்செஸ்டர் பதிவைக் கேட்கும்போது அக்குரல் எங்கிருந்தோ வந்த அயலான் குரலாக நமக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

டிலன் தாமே 1963-இல் இயற்றிய 'வித் காட் ஆன் அவர் சைடு' என்ற பாடலில் யூதாசு வருகிறான். கடவுள் எங்கள் பக்கம் என்று கூறிக்கொண்டு போர் புரிவோரைச் சாடும் அப்பாடல், யூதாசின் பக்கமும் கடவுள் இருந்தாரா என்ற கடினமான வினாவைக் கேட்போரிடமே விட்டுவிடுகிறது. மூன்றாண்டுகளுக்குப் பின் அவை அவ்வினாவை மறந்து, பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

2022 நவம்பரில், கேட் பவர் என்னும் பாடகி அந்தப் பழைய நிகழ்ச்சியின் பாடல்களை வரிசை மாறாமல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாடினார்; அந்தப் பதிவு மறு ஆண்டு வெளிவந்தது. பிற்பாதியில் அவையிலிருந்து ஒருவர் விளையாட்டாக 'யூதாசு!' என்று கூவினார். அரை நூற்றாண்டில் வசை வேடிக்கையாகிவிட்டது. பாடகி சினக்கவில்லை, பொய்யன் என்னவுமில்லை. அமைதியாக ஒரே ஒரு பெயரை மறுமொழியாகச் சொன்னார்: 'இயேசு.' அவர் எந்த எண்ணத்தில் சொன்னாரோ, நாம் உய்த்துணர முயலவில்லை. அப்படி முயல்வதே மேலே நாம் பழித்த குற்றம். ஆயினும் அம்மறுமொழி நம்மை மத்தேயு நற்செய்தியின் 26-ஆம் அதிகாரத்துக்கு அழைத்துச் செல்கிறது.

உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் பந்தியில் உரைத்தபோது சீடர்கள் என்ன செய்தார்கள்? எவரும் எவரையும் சுட்டிக்காட்டவில்லை. ஒவ்வொருவரும் அது தாமோ என்று தம்மைக் குறித்தே கேட்டார்கள். பின்னர்த் தோட்டத்தில் உண்மையான யூதாசு வந்து நின்றபோதும், ஆண்டவர் அவனை அழைத்த சொல் 'தோழா' என்பதே. யூதாசு என்னும் பெயரை ஒருவன்மேல் எறிவதற்கு உலகில் எவருக்கேனும் உரிமை இருந்ததென்றால், அவருக்கே இருந்தது. அவர் எறியவில்லை.

அடுத்த முறை நாம் ஓர் அவையில் அமர்ந்திருக்கும்போது, மேடையில் இருப்பவர் நாம் எதிர்பார்த்த பாட்டை விட்டு வேறொன்றைத் தொடங்கக்கூடும். அப்போது நம் நாவில் ஒரு சொல் வந்து நிற்கும். அதைச் சொல்லுமுன், பாட்டு முடியும்வரை கேட்போம். முடிந்த பின்னும் அச்சொல் நாவிலேயே நின்றால், சீடர்கள் கேட்ட அந்தக் கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.